யாரும் எழுப்பாதிய

"பெட்டியை மூடாதிய. இன்னும் பத்து நிமிசம்" என்று பிரேமலதா மூடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறுமுனையைப் பிடித்திருந்த இரண்டு பேரும் அவளுடைய அப்பாவைப் பார்த்தார்கள். வேதமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்த மனுஷர். கட்டின பெண்டாட்டி பெட்டிக்குள் கிடக்கும்போதும் இவருக்குக் கடிகாரம் பார்க்க வருகிறதே என்று பிரேமலதாவுக்கு வயிறு எரிந்தது.

"நாலரைன்னு ஐயர்ட்ட சொல்லியாச்சு. காலையில இருந்து அவரு வாயில பச்சத் தண்ணி படலை. மூணு மணி வரைக்கும் பிரசங்கம் பண்ணிட்டு நேரா இங்கன வந்திருக்காரு."

அது வாஸ்தவம்தான். அன்றைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கோயிலில் உட்கார்ந்து இயேசுவின் மரணத்தைத் தியானித்துவிட்டு, அதே வெள்ளை உடுப்போடு இந்த மரணத்துக்கு வந்திருந்தார்கள். போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். ஐயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் வாசல் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பசி மயக்கமோ ஜெபமோ, பார்த்தால் தெரியவில்லை.

அடுத்த வீட்டு முத்துராணி பிரேமலதாவின் காதோடு கேட்டாள். "யாருக்காவ நிறுத்தச் சொல்லுத?"

"மாமா வரணும் அத்தை."

"கோடியா?"

பிரேமலதா தலையை ஆட்டினாள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வர வேண்டும். அதுதான் கோடி. அண்ணனோ தம்பியோ தன் கையால் அவள்மேல் போர்த்த வேண்டும். வேதக்காரர் வீடுகளுக்கு இதெல்லாம் அஞ்ஞான வழக்கம் என்று பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள், பாதி வீடுகளில் சத்தம் காட்டாமல் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் வேதமுத்து வீட்டில் நடக்காது. அவர் சபைக் காரியங்களைப் பார்க்கிற சேகரக் கமிட்டியின் செயலாளர். "நம்ம வீட்டுலயே கோடி போட்டா நாளைக்கு எவனை நான் கேக்க முடியும்?" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். செத்தவளின் படம் போட்டுத் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டுவதையும் வேண்டாம் என்றுவிட்டார்.

அம்மாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் பத்து நாளைக்கு முன்னால் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். வலியில் தூக்கம் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன.

"ஏட்டி, அப்பாட்ட சொல்லாத. எங்க அண்ணன் கையால ஒரு சேலை மேல படாம என்னைப் பெட்டியில வச்சு மூடிராதிய." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "முப்பத்தி நாலு வருசமாச்சு, எங்க வீட்டு நூல் ஒண்ணு என் மேல பட்டு."

பேச்சிக்கும் சுடலைக்கும் பொங்கல் வைக்கிற வீட்டில் பிறந்த ஆறுமுகத்தாய், ஸ்ரீவைகுண்டம் வழித்தடத்துக் கண்டக்டர் வேதமுத்துவைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கிக் கிருபையம்மாள் ஆனவள். அண்ணன் பிச்சைக்கண்ணு அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டவர்தான், தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. புற்றுநோய் என்று தெரிந்த பிறகு மட்டும் தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போடுவார். வாழைக்குத் தண்ணி பாய்ச்சினது, மாடு கன்னு போட்டது என்று அவர் பேசுவார். "தூக்கமே வர மாட்டேங்குண்ணே" என்று அம்மா சொல்வாள். இரண்டு பேரும் பழையது எதையும் பேச மாட்டார்கள்.

"மணி நாலு நாப்பது" என்றார் வேதமுத்து.

பிரேமலதா போனை எடுத்து மறுபடியும் மாமாவைக் கூப்பிட்டாள். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை ஆகிவிட்டது. அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் குரல் அலுக்காமல் சொன்னது.

"நான் வேணும்னா பீரோவுல இருந்து புதுசா ஒண்ணு எடுத்தாரட்டா? பிரிக்காம கெடக்கு" என்றாள் முத்துராணி.

"வேண்டாம் அத்தை. அது கோடி ஆவாது."

கையை எடுத்தாள். மூடி இறங்கியது.

வரமாட்டார் என்று நேற்றே தெரிந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு உயிர் பிரிந்தது. நாலு மணிக்கு அவள்தான் மாமாவுக்குப் போன் போட்டாள். "என்ன பிள்ள, தாயி எப்படி இருக்கா?" என்று அந்தக் குரல் கேட்டதும் இவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். அப்பா அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். முப்பத்தி நாலு வருஷத்தில் மச்சினனோடு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"மச்சான், வேதமுத்து பேசுதேன். ஆறுமுகத்தாய் மூணு மணிக்கு நித்திரையாயிட்டா."

அவர் வாயில் வேறு சொல் வராது. சபையில் யார் தவறினாலும் ஏட்டில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதி எழுதி ஊறிப்போனவர். யாராவது செத்துப்போனான் என்றால் அந்த இடத்திலேயே திருத்துவார். "விசுவாசி சாவான்னு எவம்லே சொன்னான்? தூங்குதான். ஆண்டவரு எந்திரிச்ச மாதிரி அவனும் ஒருநாள் எந்திரிப்பான். இல்லேன்னா நாம கோயிலுக்குப் போறதுக்கு என்னத்துக்கு, பேசாம சினிமாவுக்குப் போவலாம்லா." தெரு நாய் ஒன்று லாரியில் அடிபட்ட அன்றைக்கு, "நாயி நித்திரையடைஞ்சிட்டு அண்ணாச்சி" என்று ஒருத்தன் வம்பு இழுக்க, அவனோடு ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகமே மாறியிருந்தது.

"உங்க மாமன் என்ன சொன்னான் தெரியுமாட்டி? 'அப்பாடா, நல்லா தூங்கட்டும் மாப்ள. யாரும் எழுப்பாதிய. ஞாயித்துக்கிழமை காலையில அவ எந்திரிக்கையில நான் அங்கன இருப்பேன்'ங்கான். ஞாயித்துக்கிழமைங்கான்! நம்மாள்லயே எத்தனை பேருக்கு இந்த விசுவாசம் வரும்? உங்கம்மா ஜெபம் வீண்போவலை."

பிரேமலதாவுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் ஓடவில்லை. கூடத்தில் அம்மாவைக் குளிப்பாட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போகிற போக்கில், ஞாயிற்றுக்கிழமை வருவாரா, அப்படியானால் அடக்கத்துக்கு வரமாட்டாரா என்று மட்டும் தோன்றியது. தங்கச்சி சாவுக்குத் தேதி பார்த்து வருகிற அண்ணன்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் இறங்கியிருந்தது. பெட்டியைக் குழிக்குள் தலை மேற்காகவும் கால் கிழக்காகவும் இறக்கினார்கள். எழுந்திருக்கிற அன்றைக்குச் சூரியன் வருகிற திசையைப் பார்த்து எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக. ஐயர் சுருக்கமாக முடித்தார். அப்பா மூன்று பிடி மண் போட்டுவிட்டு, டிக்கெட் கேட்ட அதே கணீர்க் குரலில் பாட ஆரம்பித்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. 'நீரு விசுவாசியாவே இருந்துட்டுப் போரும், பெண்டாட்டி செத்ததுக்கு அழவும் கூடாதா?' என்று பிரேமலதா மனசுக்குள் கத்தினாள்.

சனிக்கிழமைக்கு வேதத்தில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. சிலுவை வெள்ளியோடு முடிந்துவிடுகிறது, கல்லறை ஞாயிறு திறக்கிறது, நடுவில் ஒருநாள் எல்லாரும் வீட்டுக்குள் சும்மா இருந்திருக்கிறார்கள். இந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். முத்துராணி இட்லியும் தண்ணிச் சாம்பாரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார், டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்தார், டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, மாத்திரையைப் பழையபடி டப்பாவில் போட்டார். பிரேமலதா அடுப்படி நிலையில் நின்று பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. ஜன்னல் கட்டையில் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று முழுக்கப் போனை அணைத்து வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு துக்கம் கேட்க ஆறு மணியா? அதுவும் அம்மா போனிலேயா? எடுத்தால் வாயில் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. அவள் போனை அணைத்து, பீரோவுக்குள் சேலை மடிப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"யாருட்டி?" என்றார் அப்பா.

"யாரும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுந்த திருநாள், விடிகாலை நாலு மணிக்கு ஆராதனை. பண்டிகை மணி விடாமல் அடித்தது. கோயில் முழுக்கப் புதுத்துணி வாசம். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல ஜனங்கள் மெழுகுவர்த்தியும் பூவுமாகப் பக்கத்திலிருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். வருஷா வருஷம் அம்மாவும் வருவாள், மாமனார் மாமியார் கல்லறையைத் தண்ணீர் ஊற்றித் துடைப்பாள். இந்த வருஷம் அவளுக்கே ஒரு மண்மேடு. தலைமாட்டில் மரச்சிலுவை, அதில் கிருபையம்மாள் என்று கருப்பு மையில் எழுதியிருந்தது.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார் அப்பா, மகளைப் பார்த்து. அதற்கு 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என்று பதில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து அவள் முந்திக்கொண்டு சொல்கிற பதில். இன்றைக்கு அவள் குனிந்து மல்லிகைச்சரத்தைச் சரிசெய்தாள். அப்பா கொஞ்சம் காத்திருந்துவிட்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தப் போனார். காற்றில் மூன்று தீக்குச்சி வீணாயின.

கிழக்கே வெளுக்கிற நேரம், "ஏ பிள்ள! லதா!" என்று ஒரு சத்தம் கேட்டது.

வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத்துண்டு, கையில் மஞ்சள் பை. கல்லறைகளுக்கு நடுவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார் பிச்சைக்கண்ணு. முகமெல்லாம் சிரிப்பு.

"விடியறதுக்குள்ள வந்துரணும்னு முதல் பஸ்ஸைப் புடிச்சேன். வீடு பூட்டிக் கெடக்கு. வாசல்லயே வாழைத்தாரை வச்சிட்டேன். தெருவுல ஒருத்தன்ட்ட கேட்டா, பண்டிகைல்லா, எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்காவங்கான்." அங்குமிங்கும் பார்த்தார். "தாயி எங்க?"

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மாமா?" என்றாள் பிரேமலதா. அவள் நினைத்ததைவிடக் காட்டமாகவே வந்தது.

"கோவப்படாத பிள்ள. பண்டிகைக்கு வாண்ணேன்னு உங்கம்மதான் ஒரு மாசமா சொல்லிட்டு இருந்தா. வெறுங்கையோட வரச் சொல்லுதியா? வெள்ளிக்கிழமை உடன்குடி போயி அவளுக்குக் கருப்பட்டி வாங்கிட்டு, அப்படியே ஜவுளிக்கடைக்கும் அலைஞ்சேன். போன்ல சார்ஜ் இல்ல. நேத்து ஆறு மணிக்கு அடிச்சேன், அணைஞ்சு போச்சு. சரி, இன்னும் தூங்குதா போலுக்கு, எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டேன். பாவம், கண்ணசந்து எத்தனை நாளாச்சு." பேசிக்கொண்டே சுற்றிலும் தேடினார். "அவளையுமா இங்கன கூட்டிட்டு வந்திய? பனியில? உங்களுக்கு என்ன கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?"

பிரேமலதாவின் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. நித்திரை. தூக்கம் வராமல் தவித்தவள் கடைசியில் தூங்கிவிட்டாள் என்றே அப்பா சொன்னதை எடுத்துக்கொண்டிருக்கிறார் மனுஷர். நேற்று அவள் போனை எடுத்திருந்தால் போதும், ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் போதும், அப்போதே தெரிந்திருக்கும். அவளோ அதை அணைத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

மாமா அதற்குள் பையிலிருந்து சேலையை எடுத்துவிட்டார். அரக்குக் கலர், பச்சைக் கரை. "கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுக்கலை. அவளுக்கு அரக்குன்னா உசுரு. நல்லா இருக்கா? இருக்கும்லா?"

பிரேமலதா அப்பாவைப் பார்த்தாள்.

வேதமுத்து மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றிவிட்டு எழுந்தார். மச்சினனுக்கு எதிரில் வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

"மச்சான், அவ நித்..."

அந்தச் சொல் பாதியில் நின்றது. மண்மேட்டைப் பார்த்தார். சிலுவையைப் பார்த்தார்.

"செத்துட்டா மச்சான்."

பிரேமலதா பிறந்ததிலிருந்து அப்பா வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

"வியாழக்கிழமை மூணு மணிக்கே செத்துட்டா. செத்துட்டான்னு உம்மகிட்ட நான் சொல்லலை. எனக்கு அது வாயில வராது. நீரு தூங்கட்டும்னீரு. நானும் ஒரு கிறுக்கன், உமக்கும் புரிஞ்சுட்டுன்னு நினைச்சு சந்தோசப்பட்டேன்." அவர் குரல் உடைந்தது. "செத்துட்டாவே. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம செத்துட்டா. நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன்."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கமிட்டிச் செயலாளர், பண்டிகை வேட்டி, ஊரே சுற்றி நிற்கிறது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் இந்தப் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு, என்ன நினைத்தாரோ, நின்றுகொண்டார். முத்துராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரேமலதா போய் அப்பாவின் தோளைப் பிடித்தாள். மூன்று நாளாக அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள்.

பிச்சைக்கண்ணு அழவில்லை. சேலையை மார்போடு பிடித்துக்கொண்டு சிலுவையில் இருந்த எழுத்தை மெதுவாகக் கூட்டிப் படித்தார்.

"வேற யாரு பேரோ போட்டிருக்கு."

"அது அம்மா ஞானஸ்நானப் பேரு மாமா."

"ஓகோ."

குனிந்து அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தார். மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பிரேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, நேத்து நாந்தான் போனை அணைச்சேன். நீங்க வேணும்னே வரலைன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"விடு பிள்ள" என்றார். பிறகு மச்சினனிடம் கேட்டார். "தலை எந்தப் பக்கம் மாப்ள?"

"மேக்க" என்றார் வேதமுத்து அழுகையோடு. "கெழக்க பாத்து எந்திரிக்கணும்லா."

பிச்சைக்கண்ணு அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். செருப்பையும் பையையும் ஓரமாக வைத்துவிட்டுச் சேலையின் மடிப்பைப் பிரித்தார். காற்றில் அது படபடவென்று அடித்தது. ஒரு முனையை மச்சினன் பக்கம் நீட்டினார்.

"புடியும்."

வேதமுத்து எழுந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். ஐயர் நிற்கிறார், கமிட்டிக்காரர்கள் நிற்கிறார்கள். அவர் யாரையும் பார்க்காமல் முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகக் கால்மாட்டிலிருந்து விரித்துக்கொண்டே வந்தார்கள். காற்றில் பறக்காமலிருக்க வேதமுத்து குனிந்து ஓரங்களில் மண்கட்டிகளை எடுத்து வைத்தார்.

செத்தவர்களுக்குப் போர்த்தினால் முகத்தையும் சேர்த்து மூடிவிடுவார்கள். பிச்சைக்கண்ணு தலைமாட்டில் ஒரு முழம் விட்டு, கழுத்தோடு நிறுத்தினார். சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாலிபர் சங்கத்துப் பையன்கள் டிரம் அடித்து, பண்டிகைப் பாட்டைப் பெருங்குரலில் பாடிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். பிச்சைக்கண்ணு சட்டென்று திரும்பி அவர்களைப் பார்த்துக் கையை அமர்த்தினார்.

"பைய பாடுங்கய்யா, பைய" என்றார். "தூங்குதால்லா."

இவர் யார் என்று பையன்களுக்குத் தெரியவில்லை. ஆனால் டிரம் நின்றது. பாட்டை நிறுத்தாமல் குரலை மட்டும் இறக்கிக்கொண்டு, அந்த அரக்குச் சேலையைச் சுற்றி, காலடி சத்தம் கேட்காமல் நடந்து போனார்கள்.